டோலோன் கணவாயைக் கடந்த எழுத்துகள்

1979 அக்டோபர் பதினேழாம் தேதி காலையிலிருந்து ஒரோசாலி பெக்போயெவ் எழுதிய எழுத்துகள் அவருடைய காகிதத்தில் தங்கவில்லை. மை காய்ந்ததும் எழுந்தன. வரிசை கலையாமல் மேசை விளிம்புக்கு வந்து, மேசைக்கால் வழியாகத் தரைக்கு இறங்கி, கதவிடுக்கில் புகுந்து, நான்கு மாடிப் படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கித் தெற்குப் பக்கம் நடந்து போயின. அந்த வாரம் பிஷ்கெக் சந்தையில், அப்போது நகரத்துக்கு வேறு பெயர், வெங்காயம் கிலோ பன்னிரண்டு கோபெக். நல்ல செம்மறி ஒன்று எண்பது ரூபிள். எழுத்துகள் முந்நூற்று இருபது கிலோமீட்டர் நடந்து, டோலோன் கணவாயைத் தாண்டி, பதினோராம் நாள் நண்பகல் நாரின் ஆற்றங்கரையிலிருக்கும் எங்கள் கோக்-ஜாருக்குள் நுழைந்தன. கூட்டுப்பண்ணையில் பால் கறக்கும் சைகாலின் வீட்டு ஜன்னலில் ஏறி, அவள் மகள் கலிச்சாவின் கணக்கு நோட்டில் போய்ப் படுத்துக்கொண்டன. கலிச்சாவுக்கு அப்போது ஒன்பது வயது.

காரணம் ஊரறிந்தது. இரண்டு நாள் முன்னால்தான் ஒரோசாலி கோக்-ஜார் நூலகத்துக்கு வந்து போயிருந்தார். நாற்பத்தேழு வயது, சீப்பால் வாரிவிட்ட தலை, தோளில் கோட்டு, பெயர் சொல்ல ஒரே ஒரு புத்தகம்: 'மூன்று கால் குதிரைக்குட்டி'. ஆனால் அந்த ஒன்று போதுமாயிருந்தது. மலைநாட்டில் அதைப் படிக்காத பிள்ளை கிடையாது. கலிச்சா அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிப்பாள். குட்டி உறைந்த ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுவாள். கணக்கு வகுப்பில் மேசைக்கடியில் வைத்துப் படித்து இரண்டு முறை அடியும் வாங்கியிருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சொல்வன்மை உள்ளவர் ஊருக்கு வந்தால் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவர் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குதிரைப்பால் குடித்துவிட்டுப் பிள்ளையின் வாயில் துப்புவார். அவருடைய வாக்கு பிள்ளைக்கு வரும். கட்சி இதை மூடநம்பிக்கை என்று சொல்லியிருந்ததால், கொஞ்ச காலமாக வைக்கோல் போருக்குப் பின்னால்தான் நடந்து வந்தது.

"பைகே, உங்க எச்சில் ஒரு சொட்டு என் பொண்ணு வாயில விழணும். அவ்வளவுதான்" என்றாள் சைகால், அண்ணன் முறை வைத்து.

"கட்சிச் செயலாளர் பாத்தாருன்னா அடி என் வாயில விழும், தங்கச்சி."

"அவரு ஆட்டுத்தலைய விட்டு எந்திரிக்க இன்னும் அரைமணி ஆகும். வேக வெச்சவ நான். எனக்குத் தெரியாதா, இன்னும் கன்னத்துக்கே வரல."

ஒரோசாலி சிரித்தார். குழந்தையைப் பார்த்து, என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டார். அந்தக் குட்டி சாகக் கூடாது என்றாள் கலிச்சா. அது சாகவில்லையே என்றார். கடைசிப் பக்கத்தில் தெளிவாக இல்லை என்றாள். அவர் அவளுடைய புத்தகத்தை வாங்கி, சாய்ந்த கையெழுத்தில், நீண்ட வால் வைத்துக் கையொப்பம் போட்டார். பிறகு குடித்தார், துப்பினார்.

இங்கேதான் பிசகியது. வழக்கத்தின் மறுபாதி ஒன்று உண்டு: கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பொத்தானோ, ஒரு பிடி கம்பளியோ, ஏதாவது அதில் போட்டுத்தான் துப்பியவர் கையில் தர வேண்டும். தந்தால் விளக்கிலிருந்து விளக்கு ஏற்றிய மாதிரி. இருவரிடமும் வெளிச்சம் இருக்கும். தராவிட்டால் கொடுத்தவரிடம் ஒன்றும் மிஞ்சாது. சைகாலுக்கு இது தெரியாததல்ல. ஒட்டக ரோமத்தில் ஒரு ஜோடி காலுறை பின்னிக் கோட்டுப் பையில் வைத்துத்தான் வந்திருந்தாள். ஆனால் செயலாளர் அன்று கன்னத்தைத் தொடாமலே எழுந்துவிட்டார். ஜீப் மூன்று தடவை ஹாரன் அடித்தது. சைகால் வெறுங்கிண்ணத்தை ஒரோசாலியின் கையில் திணித்து, குழந்தையை இழுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குள் ஓடினாள். சாயங்காலம் பால் கறக்கும்போதுதான் பையில் கை பட்டது. "என் தலையில இடி விழ" என்று மாட்டிடம் சொன்னாள். தபாலில் அனுப்பிவிடலாம் என்றாள். விலாசம் வாங்க வேண்டும் என்றாள். பனி முடியட்டும் என்றாள். பனி முடிந்தபோது ஆடுகள் குட்டி போட்டன. அது முடிந்தபோது ரோமம் வெட்டும் காலம். காலுறையைக் கடைசியில் அவள் புருஷன் போட்டுக்கொண்டான்.

எழுத்துகளின் பாதைக்கு ஜனங்கள் பழகிவிட்டார்கள். கணவாய்க்குக் கீழே மேய்ப்பர்கள் அந்த வரிசை கடந்து முடியும் வரை மந்தையை நிறுத்திவைத்தார்கள். லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். வானம்பாடிகள் சிலவற்றைக் கொத்தின. குளிர்காலத்தில் கணவாயில் பாதி எழுத்துகள் உறைந்து நின்றுவிடும். மீதிதான் வந்து சேரும். அதனால் கலிச்சாவின் குளிர்காலப் பக்கங்களில் வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. பிற்காலத்தில் விமரிசகர்கள் அதைச் சொற்சிக்கனம் என்றார்கள். இளம் எழுத்தாளர்களுக்கு அதைப் பின்பற்றும்படி அறிவுரையும் சொன்னார்கள்.

கலிச்சாவுக்குத் தெரியாமல் இருந்ததா என்று கேட்டால், முதல் நாளே தெரியும். அதே சாய்வு, அதே வால். நோட்டைத் திறந்து பார்த்தாள். தன் புத்தகத்தின் கையொப்பத்தைப் பார்த்தாள். புத்தகத்தைக் கொண்டுபோய்த் தகரப் பெட்டியின் அடியில், குளிர்காலத் துணிகளுக்குக் கீழே வைத்தாள். அப்புறம் நோட்டிலிருந்ததைத் தன் உருண்டைக் கையெழுத்தில் நகல் எடுக்க உட்கார்ந்தாள். நகல் எடுத்த பிறகு மூலப் பக்கங்களை அடுப்பில் போட்டாள். அந்த முதல் கணக்கு நோட்டை மட்டும் ஏனோ எரிக்கவில்லை. பதினெட்டு வயதில் முதல் கதை வாரப் பத்திரிகையில் வந்தது. தேசம் மாறியது, கொடி மாறியது, ரூபிள் போய் சோம் வந்தது. கலிச்சா பதினான்கு புத்தகங்களுக்கு ஆசிரியை ஆனாள். தானாக ஒரு வரி எழுதிப் பார்த்ததுண்டா? உண்டு. இருபத்தைந்து வயதில் ஒரு பக்கம் எழுதினாள். அந்த எழுத்துகள் எங்கும் போகவில்லை. எழுதின இடத்திலேயே அசையாமல் கிடந்தன. திரும்பப் படித்துவிட்டுக் கிழித்தாள்.

எல்லாவற்றிலும் மோசமானது 1994-இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூனில் வந்து சேர்ந்தது கதையே அல்ல. 'கலிச்சா, போதும். எனக்கு ஐம்பதெட்டு வயதில் ஒரு மகன் பிறந்து ஐந்து நாளில் இறந்தான். அவனுக்கு ஒரு பாட்டு எழுதினேன். அதுவும் உன்னிடம் வந்துவிட்டது. மற்றதை நீயே வைத்துக்கொள், அதை மட்டும் திருப்பிக் கொடு' என்று ஆரம்பித்து மூன்று பக்கம். கடிதம் எழுதினால் அதுவும்தானே நடந்து வரும். வேறு வழியில்லாமல் அதையே தபாலாக்கியிருந்தார் மனிதர். கலிச்சா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் 'கலிச்சா' என்பதை அடித்துவிட்டு 'திருடா' என்று போட்டாள். ஒரு கிழட்டுக் குதிரை வியாபாரி தன் குதிரைகளை ஓட்டிப்போனவனைப் பார்த்துக் கெஞ்சுவதாக அதை நாவலின் கடைசி அத்தியாயமாக்கினாள். அந்த நாவலுக்குத்தான் பெரிய பரிசு வந்தது. கல் மனசுக்காரனும் இந்த அத்தியாயத்தில் கரைவான் என்று பரிசுக் குழு எழுதியது.

அந்தப் பக்கம் ஒரோசாலி சும்மா இருக்கவில்லை. காகிதத்தின் மேல் கண்ணாடிப் பலகை வைத்தார், அரக்கு ஊற்றினார், பென்சிலில் எழுதினார், தட்டச்சு செய்தார், கடைசியில் வால்நட் பலகையில் உளியால் செதுக்கினார். எழுத்துகள் எழுந்து போயின. பலகை செதுக்காத மாதிரி வழவழவென்று கிடந்தது. கலிச்சாவின் முதல் கதையைப் படித்ததும் எங்கே போகின்றன என்று புரிந்தது. எழுத்தாளர் சபைக்குப் போய்ச் சொன்னார். யாரும் அதை நம்பாமல் இல்லை. எழுத்து நடப்பதை அந்தச் சாலையில் போகிற எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். "நடந்து போகுதுன்னா, அதுக்கு அங்க போகப் பிடிச்சிருக்கு. நாங்க என்ன பண்றது பைகே?" என்றார் சபைச் செயலாளர். ஒரோசாலி குடிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்தினார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எழுதினார். ஒரே புத்தகத்தோடு ஓய்ந்துபோனவர் என்று பாடநூல்கள் அவரைப் பற்றிச் சொல்லின.

2012 மார்ச்சில் எழுத்துகள் வருவது நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம். கலிச்சா ஜன்னலைக் கழுவிவைத்தாள், வாசலில் பனியைப் பெருக்கினாள், பேருந்து ஓட்டுநர்களிடம் கணவாயில் ஏதாவது கண்ணில் பட்டதா என்று விசாரித்தாள். பதிப்பாளர் பதினைந்தாவது புத்தகத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில்தான் தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று தொலைபேசியில் கூப்பிட்டது. 'என் பால்யத்தின் எழுத்தாளர்' என்று ஒரு தொடர் போடுகிறார்களாம். பிரபல எழுத்தாளர்கள் சிறுவயதில் தாங்கள் கொண்டாடியவரை நேரில் சந்தித்து எழுத வேண்டுமாம். நீங்கள் யாரைப் பார்க்க விரும்புகிறீர்கள் எஜே என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் பத்திரிகைப் பெண். முப்பத்துமூன்று வருஷமாக அவள் தவிர்த்து வந்த ஒரோசாலியின் தெருவுக்கு இப்படியாக ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. ஒரு பை போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்து எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

கதவைத் திறந்தது ஒரோசாலியின் மகள் நாகேன். டிராலிபஸ் ஓட்டுகிறவள், கலிச்சாவைவிட மூத்தவள். வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோக்-ஜார் கலிச்சாவா? அப்பா! உங்க தபால் பெட்டி வந்திருக்கு!"

"உள்ள விடு, உள்ள விடு" என்று அறையிலிருந்து குரல் வந்தது. கரகரப்பான, ஆழமான குரல். ஒன்பது வயதில் கேட்டதை அவள் மறந்திருக்கவில்லை. "என் எழுத்து இத்தனை வருஷமா நடந்தே போகுது. இவ பஸ்ல வந்திருக்கா, களைச்சிருப்பா."

சுருங்கிப்போன மனிதர். இரண்டு கண்ணிலும் வெண்படலம். எதிரே மேசை, மேசையில் வெள்ளைத்தாள் அடுக்கு. கலிச்சா வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"பைகே, உங்க குதிரைக்குட்டிய நான் இன்னிக்கும் மனப்பாடமா சொல்லுவேன்."

"தெரியும். அதனாலதான் அத மட்டும் என்கிட்ட விட்டு வெச்சே." தலையைச் சாய்த்தார். "எதுக்கு வந்தே?"

"பத்திரிகைக்கு ஒரு கட்டுரை... சின்ன வயசுல பிடிச்ச எழுத்தாளர..."

"குழாயில தண்ணி நின்னுபோச்சு. அதான் தொட்டியப் பாக்க வந்திருக்கா" என்றாள் நாகேன், தேநீரை மேசையில் டக்கென்று வைத்து.

ஒரோசாலி வாய்விட்டுச் சிரித்தார். கண் போய்விட்டது என்றார். அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்கிறாராம். எதற்கு, நான் எழுதினதைப் படிக்கவா, அது எங்கே இருக்கிறது படிக்க என்று இவர் திருப்பிக் கேட்டாராம். குருடாகவும் எழுத வரும், மனசுதான் வரவில்லை என்றார். அப்புறம் வேறு எதையோ யோசித்தவராக, "அன்னிக்கு உங்கம்மா எனக்குக் குடுக்கறதுக்கு ஏதாவது வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"ஒட்டக ரோமக் காலுறை, பைகே. மறந்துட்டாங்க."

"நல்ல காலுறையா?"

"அப்பா ஆறு வருஷம் போட்டாரு."

"அப்ப நல்ல காலுறைதான்" என்று தலையாட்டினார். வெகு நேரம் அதையே ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. செப்டம்பரில் எண்பது வயது நிறைகிறது; மகள் விருந்து வைக்கிறாள், ஊரே வரும். அங்கே கலிச்சா எழுந்து நின்று, யாருடையது எது என்று சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது. என் கையெழுத்தில் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். கணக்கு நோட்டு இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்குள்ளிருந்த ஒன்பது வயதுக்காரி சொல்லியிருக்க வேண்டும். அதைக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடு, என் புத்தகத்துப் பழைய கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்றார். புத்தகங்களைத் திருப்பிக் கேட்கவில்லை, பரிசைக் கேட்கவில்லை. பேரம் பேசியது கலிச்சாதான்.

"சொல்றேன் பைகே. அப்புறம்... எழுதுவீங்கள்ல?"

நாகேன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். கிழவர் மட்டும் கோபப்படவில்லை. "எழுதறேன்" என்றார். "எழுதாம என்ன பண்ணுவேன்? இந்தக் கைக்கு வேற வேலை தெரியாது."

கட்டுரை அடுத்த வாரம் வந்தது. 'ஒரு மாலை, ஒரு குதிரைக்குட்டி' என்று தலைப்பு. வாசகர்கள் கண்ணீர்விட்டுக் கடிதம் எழுதினார்கள்.

விருந்து செப்டம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை. ஆறு செம்மறி, ஒரு குதிரை, இருநூற்றுப் பத்துப் பேர். எங்கள் விருந்துகளில் பேச்சு எப்படி என்பது தெரிந்ததே. கால்நடை மருத்துவர் ஒருவர் எழுந்து, ஒரோசாலி பைகே மலை, நாமெல்லாம் அதன் நிழலில் மேயும் ஆடுகள் என்றார். வங்கி மேலாளர், இவர் பேனாவைத் திறந்தால் சூரியன் கண்ணை மூடிக்கொள்ளும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், எல்லோரும் குடித்தார்கள். யாரும் மலையைத் தேடவில்லை, ஜன்னல் வழியாகச் சூரியனை எட்டிப் பார்க்கவும் இல்லை. விருந்தில் சொன்னதை நம்புவது எங்களிடம் மரியாதைக் குறைவு. கலிச்சா முறை வந்தது. கைப்பையில் கணக்கு நோட்டு இருந்தது. எழுந்தாள். பையின் கொக்கியில் விரலை வைத்தாள். அந்த இருநூற்றுப் பத்து முகங்களில் பாதிப்பேர் அவளுடைய புத்தகங்களைப் படித்தவர்கள். பதிப்பாளர் மூன்றாவது மேசையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். பேச்சு தானாக வந்தது.

"நான் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் ஒரோசாலி பைகேயின் கையிலிருந்து வந்தது. அதில் என்னுடையது என்று ஒன்றுமே கிடையாது."

அப்புறம் அன்றைய விருந்திலேயே பெரிய கைத்தட்டல். "என்னா அடக்கம் பாரு! பெரியவங்கன்னா இப்பிடி இருக்கணும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "நம்ம மருமக ஒரு ரொட்டி சுட்டாலே தானே கோதுமைய விதைச்ச மாதிரி பேசறா" என்றாள் இன்னொருத்தி. கலிச்சா சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதும் ஒன்றுமில்லை. கொக்கியிலிருந்து விரலை மட்டும் எடுத்துவிட்டாள்.

ஒரோசாலி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஆட்டுத்தலை வந்தது. தலையைப் பெறுகிறவர் அதை அறுத்துப் பகிர வேண்டும்: காது பிள்ளைகளுக்கு, கண் நெருங்கியவர்களுக்கு. நாக்கை யாருக்குத் தருவது என்பது அவர் இஷ்டம். கத்தியை வாங்கி, தடவித் தடவி, தாடையை விரித்து, நாக்கை அடியோடு அறுத்துத் தட்டில் வைத்தார். "இது கலிச்சாவுக்கு. மீதிய எல்லாம் எடுத்துக்கிட்டா. இது ஒண்ணுதான் பாக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மறுபடியும் தட்டினார்கள். பெரியவர் தந்ததை மறுக்க முடியாது. கலிச்சா தின்றாள். உப்பு கொஞ்சம் குறைச்சல். வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டை அடுப்பில் போட்டாள். அந்த வருஷம் நிலக்கரி டன் நாலாயிரம் சோம். நோட்டு அரை நிமிஷம் எரிந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரியிடம் பால் கேட்க வாயைத் திறந்தபோது, கரகரப்பான, ஆழமான ஒரு கிழவர் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி பாலை ஊற்றிக்கொண்டே, "சளியா எஜே? மிளகு போட்டுக் குடிங்க" என்றாள். நாரின் ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். கூட்டங்களில் முதல் சில மாதம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வயதாகிறது, புகைப்பார் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த இளவேனிலுக்குள் அதுதான் கலிச்சாவின் குரல் என்று ஆகிவிட்டது. தலைநகரத்தில் ஒரோசாலி அன்று காலையிலிருந்து பேசவில்லை. தேநீர் வேண்டுமென்றால் கிண்ணத்தைத் தட்டுவாராம்.

ஆனால் சொன்ன சொல் தவறவில்லை அவர். அக்டோபர் நான்காம் தேதி எழுத்துகள் வந்தன. கலிச்சா ஜன்னலோரம் ஓடினாள். குருட்டுக் கை எழுதியவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, தடுமாறி வந்தன. ஆனால் ஒன்றுகூட விடுபடவில்லை. நோட்டில் படுத்ததும் படித்தாள். 'அந்த வருஷம் பெட்டைக் குதிரை பனிக்குள் குட்டி போட்டது. குட்டிக்கு மூன்று கால்தான் இருந்தது.' மறுநாள் அடுத்த பத்தி. அதற்கு மறுநாள் அதற்கடுத்தது. கிழவர் தன் பெயர் போட்ட ஒரே புத்தகத்தை முதலிலிருந்து நினைவாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். மலைநாட்டில் அதைப் படிக்காத பிள்ளை கிடையாது. ஒரு வரியைக்கூட அவளால் தன்னுடையதென்று அச்சுக்குக் கொடுக்க முடியாது. பதிப்பாளருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நகல் எடுக்க வேலை இல்லாததால், பிற்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா படித்தாள். பதினைந்து மாதம் இப்படிப் போயிற்று. குட்டி உறைந்த ஆற்றைக் கடக்கும் இடம் ஒரு ஜனவரியில் வந்தது. கடுங்குளிர், ஆனால் கணவாயில் ஒரு எழுத்தும் உறைந்து நிற்கவில்லை. கலிச்சா அழுதாள். அழுகையும் கிழவரின் குரலில்தான் வந்தது.

2014 ஜனவரி ஒன்பதாம் தேதி ஒரோசாலி இறந்தார். அடுக்குமாடி முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். எங்கள் வழக்கப்படி உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். செத்தவர் யார், என்ன செய்தார் என்று வருகிறவர்களுக்கு அதில் சொல்ல வேண்டும். கலிச்சா பனியில் வாசலிலேயே நின்றாள். நாகேன் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள வா."

"நான் எப்படி நாகேன்... நான் சொந்தம் இல்லையே."

"அவரு குரல்ல அழறதுக்கு இந்த வீட்ல வேற யாருக்கு வாய் இருக்கு? வா."

கலிச்சா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். இந்தத் தடவை ஒளிய நினைக்கவில்லை அவள். உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். குரல் அவளை முந்திக்கொண்டது. 'பதினான்கும் என்னுடையவை' என்று கிழவரின் குரல் ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னது. குதிரை வியாபாரி என்னுடையவன், அவன் கெஞ்சியது நான் கெஞ்சியது என்றது. ஐந்து நாள் இருந்துபோன பிள்ளையின் பாட்டை முழுதாகப் பாடியது. முப்பத்துநான்கு வருஷம் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன், பன்னிரண்டு மணிக்கு என் மேசை வெறுமையாக இருந்தது என்றது. கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். உள்ளே பெண்கள் விசும்பினார்கள்.

"அச்சு அசலா அவரு குரல் மாதிரியே இருக்கு" என்றாள் ஒரு கிழவி மூக்கைச் சிந்தி.

"துக்கத்துல அப்பிடித்தான் இருக்கும். ஆனா கொஞ்சம் அதிகமாத்தான் புகழுறா. தன் புஸ்தகம் மொத்தத்தையும் தூக்கி அவருக்கே குடுத்துட்டாளே!"

"ஒப்பாரின்னா அப்பிடித்தானே. எங்க வீட்டுக்காரரு செத்தப்ப நான் சிங்கம்னு பாடினேன். நாய் குரைச்சா கதவச் சாத்துவாரு."

கலிச்சா எழுந்து திரும்பி நின்று, "இது ஒப்பாரி இல்ல, நெசம்!" என்றாள். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நான்கு பெண்கள் பிடித்து உட்கார வைத்துப் பால் கலந்த தேநீர் கொடுத்தார்கள். கணக்கு நோட்டு இருந்தால் காட்டியிருக்கலாம். நாகேன் மூலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா, எவ்வளவு நல்லா எழுதுவாருன்னு?" என்று மட்டும் சொன்னாள்.

யாரோ அதைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார்கள். பத்திரிகைகள் அச்சிட்டன, நம் மொழியில் ஓர் எழுத்தாளர் இன்னோர் எழுத்தாளருக்குப் பாடிய ஆகச் சிறந்த ஒப்பாரி என்றன. கலிச்சா மறுத்துப் பேட்டி கொடுத்தாள். அடக்கத்தின் சிகரம் என்று அதற்குத் தலைப்பு வைத்தார்கள். அந்த ஒப்பாரி தனிப் புத்தகமாகவும் வந்தது, அவள் பெயரில் பதினைந்தாவது. இப்போது எட்டாம் வகுப்பில் பாடமாக இருக்கிறது. ஆசிரியர்கள் முதலில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். ஒரு கிழவர், இவையெல்லாம் என்னுடையவை என்று பன்னிரண்டு நிமிஷம் பாடுவார். பாடியவர்: கலிச்சா, பிறப்பு 1970 என்று பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள். பாடத்தின் முடிவில் கேள்வி ஒன்று உண்டு, ஐந்து மதிப்பெண்: 'இப்பாடலில் கவிஞர் உயர்வு நவிற்சியை எங்ஙனம் கையாள்கிறார்? சான்றுடன் விளக்குக.' கோக்-ஜார் பள்ளியில் எல்லோரும் அதற்குச் சரியாக விடை எழுதுகிறார்கள்.